நேர்ந்துவிட்ட சேவலும் பறவைக் காய்ச்சலும்

பறவைக் காய்ச்சலுக்கான பயிற்சி வகுப்பில், பாதுகாப்பு உடையை எப்படி மாட்டுவது, எப்படிக் கழற்றுவது என்று உங்களுக்குப் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். கவனமாகக் கேளுங்கள். நானும் கேட்டேன். முதல் முறை மாட்டியபோது இரண்டு கால்களையும் ஒரே குழாய்க்குள் விட்டுக்கொண்டு, பயிற்சி கொடுத்த மருத்துவர் மேலேயே சாய்ந்தேன். இரண்டாம் முறை சரியாக வந்தது. உங்களுக்கும் வரும்.

நான் எழுத வந்தது அந்த உடையைப் பற்றி அல்ல. அந்த உடையோடு நாங்கள் ஒரு தெருவுக்குள் நுழைந்தபோது அந்தத் தெரு என்ன செய்தது என்பதைப் பற்றி.

தேதிகளில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. கர்ப்பிணிகளிடம் கடைசி மாதவிலக்கு எந்தத் தேதி என்று கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். "ஞாபகம் இல்ல நர்சம்மா" என்று சொல்லும் பெண்ணை, "ஆயுத பூஜைக்கு முன்னாலயா பின்னாலயா? பொரி தின்னப்பவா, அது தீந்தப்புறமா?" என்று பிடித்து இழுத்துவந்து ஒரு நாளில் நிறுத்திவிடுவேன். ஊர் வரலாற்றுப் புத்தகங்களில் தேதி தப்பாக இருந்தால் ஓரத்தில் பென்சிலால் திருத்தி வைப்பேன். நூலகர் என்னிடம் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறார். ஆகவே இந்தச் சம்பவத்தின் கிழமையும் திதியும் எனக்குத் தெளிவாகத் தெரியும். அந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் கண்டு கேலி செய்யக் கூடாது என்பதால் பெயர்களை மாற்றியிருக்கிறேன், வருடத்தை மட்டும் மனசே இல்லாமல் விட்டுவிடுகிறேன். கொரோனா போய், மிச்சமிருந்த முகக்கவசங்களால் ஜனங்கள் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தை அமாவாசை கழிந்த செவ்வாய்க்கிழமை. கருவடிக்குப்பத்திலிருந்து கிழக்கே இறங்கினால் கடலோரத்தில் ஒரு மீனவர் தெரு. அதற்கு முந்தைய வாரம் அந்தப் பக்கத்தில் காக்கைகள் செத்து விழுந்தன. பிறகு அந்தத் தெருவில் கோழிகள் சாவதாக யாரோ தொலைபேசியில் சொன்னார்கள், பெயர் சொல்லவில்லை. கால்நடைத் துறையிலிருந்து ஒரு இளம் டாக்டரும் உதவியாளர்களும் வந்தார்கள். யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் சுகாதார நிலையத்திலிருந்து நான் போனேன். எல்லோரும் தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடை.

தெரு முனை டீக்கடையில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஊரில் அவரைச் சொல்தா, அதாவது சிப்பாய், என்பார்கள்.

"போன்ழூர் மதாம்!" என்று எழுந்து நின்றார். "வெள்ளைக்காரன் கப்பலேறிப் போயிட்டான்னு இல்ல நெனச்சேன், வேன்ல திரும்பி வர்றானே!"

சிரித்துக்கொண்டே உள்ளே போனோம். தெருவில் ஒரு கோழி இல்லை. கூடைகள் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. எச்சம் இன்னும் ஈரமாக இருந்தது. வீட்டுக் கதவுகளெல்லாம் சாத்தியிருந்தன.

எனக்குப் பழக்கமான வீடு ஒன்று அங்கே உண்டு. ஏழுமலை கடலுக்குப் போகிறவர், அவர் மனைவி அஞ்சலை மீன் விற்கிறவள். அவர்கள் மகள் கௌசல்யா, எல்லோருக்கும் கௌசி, அரியாங்குப்பத்தில் கட்டிக்கொடுத்த பெண், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். நிறைமாதம். அதற்கு முன் ஒரு முறை கரு தங்காமல் போயிருந்தது. இந்த முறை ஒவ்வொரு மாதமும் அவளைப் பரிசோதித்தவள் நான்தான்.

வாசலில் ஏழுமலை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எங்க தெருவுல யாரும் கோழி வளக்கறதே இல்ல சார்."

அவர் தோளில் ஒரு சிவப்பு இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து கணீரென்று ஒரு சேவல் கூவியது.

ஏழுமலை கண்ணிமைக்கவில்லை. "அது எம்பொண்ணு போனு. ரிங்டோனு அப்டி வச்சிருக்குது."

மறுபடியும் கூவியது.

"யாரோ அவசரமாக் கூப்புடறாங்க போல," என்றார் டாக்டர். "எடுத்துப் பேசச் சொல்லுங்களேன்."

"தெரியாத நம்பர எடுக்காது சார் அது."

உதவியாளர் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேவல் சத்தம் வந்த ஜன்னல் கௌசி படுத்திருக்கும் அறையின் ஜன்னல். எங்களுக்குப் பயந்து கோழிகளை ஒளித்தவர்கள், ஒளிக்கவே கூடாத இடத்தில் ஒளித்திருந்தார்கள். நோய் இருக்கக்கூடிய பறவைகளோடு ஒரு நிறைமாதக் கர்ப்பிணி, ஜன்னல் சாத்திய அறையில் இருக்கிறாள்.

இந்த இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். உள்ளே புகுந்து எடுத்துவிடலாம், அதற்கான அதிகாரம் டாக்டருக்கு இருந்தது. எடுத்தும் இருப்போம். ஆனால் வெள்ளை உடையில் வருகிறவர்கள் ஆளையே எடுத்துப்போவார்கள் என்பது கொரோனாவில் அந்தத் தெரு கற்றுக்கொண்ட பாடம். கோழியை ஒளித்தவர்கள் அடுத்து காய்ச்சலை ஒளிப்பார்கள். கடைசியில் கௌசியையே வேறு ஊருக்கு அனுப்பி ஒளித்துவிட்டால், பிரசவத்துக்கு அவளை எங்கே போய்த் தேடுவது?

டாக்டரைத் தனியாக அழைத்து, வண்டியோடு டீக்கடை வரை பின்வாங்கச் சொன்னேன்.

"மேடம், நான் மேல பதில் சொல்லணும்."

"சொல்லுங்க. நர்சம்மா அரை மணி நேரம் கேட்டாங்கன்னு சொல்லுங்க. அதுக்குள்ள கதவு தொறக்கலன்னா நீங்களே உள்ள போங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு போனார். பிற்பாடு பெரிய பொறுப்புகளுக்கு வந்தார், அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

வேனுக்குப் பின்னால் நின்று வெள்ளை உடையை முறைப்படி கழற்றினேன். முகக்கவசத்தையும் கையுறையையும் புதிதாக மாட்டிக்கொண்டேன். இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்: உடையைக் கழற்றியது வீட்டுக்குள் போவதில்லை என்று முடிவுசெய்த பிறகு. வாசற்படியைத் தாண்டாமல், தெருவில் நின்றே கூப்பிட்டேன்.

"அஞ்சலை, நான்தான். வெளில வா."

கதவு ஒரு சாண் திறந்தது.

"வாங்க நர்சம்மா. அந்தப் பேய்ங்கல்லாம் போயிடுச்சா?"

"டீ குடிக்கப் போயிருக்கு. அடுப்புல என்ன கொதிக்குது?"

"வெந்நீ."

"எதுக்கு?"

"குளிக்கத்தான்."

"உச்சி வெயில்லயா?"

அஞ்சலை பொய் சொல்வதில் கணவர் அளவுக்குத் தேர்ந்தவள் அல்ல. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒரு கோழி கழுத்தத் தொங்கப் போட்டுக்கினு இருக்குது. சாவறதுக்குள்ள அறுத்துட்டா வீணாப் போவாதேன்னு பாத்தேன். கௌசி வேற நாட்டுக்கோழி ரசம் கேட்டுக்கினே இருக்குது."

"அறுத்துட்டியா?"

"கத்திய தீட்டிக்கினு இருந்தேன். உங்க வேன் வந்துடுச்சு."

நன்றாக வெந்த கறியில் அந்தக் கிருமி உயிரோடு இருக்காது. ஆனால் வேகும் முன்பு அறுப்பதும், இறகு பிடுங்குவதும், குடல் எடுப்பதும் யார்? இதே அஞ்சலை, வெறுங்கையோடு. அதே கையோடு மகளுக்குத் தலை வாரிவிடுவாள். நோயில் வாடும் கோழியைச் சாவதற்குள் சமைத்துவிடுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். நீங்கள் போகும் வீடுகளில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. கோழி செத்ததா என்று கேட்டால் இல்லை என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும், சாகும் முன்பே குழம்பாகியிருக்கும்.

"மத்த கோழிங்க?"

"கௌசி கட்டிலுக்கு அடியில."

"சேவல்?"

உள்ளேயிருந்து கௌசியின் குரல் வந்தது. "என் தலமாட்டுல, கூடைக்குள்ள!"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தச் சேவல் அம்மனுக்கு நேர்ந்துவிட்டது. போன முறை கரு கலைந்தபோது அஞ்சலை வேண்டிக்கொண்டிருந்தாள். அடுத்த கரு தங்கிய அன்று சேவலின் காலில் மஞ்சள் துணி கட்டினாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் அதைக் கோயிலில் உயிரோடு கொண்டுபோய் விட வேண்டும். இடையில் அதற்கு ஏதாவது ஆனால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பது அவள் நம்பிக்கை. நாய் தூக்கிவிடக் கூடாது, யாரும் திருடிவிடக் கூடாது, நோய் ஒட்டிவிடக் கூடாது என்று, பக்கத்துக் கோழிகள் சாகத் தொடங்கியதுமே அதை வீட்டிலேயே பத்திரமான இடத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த பத்திரமான இடம், மகளுக்குப் பக்கத்தில்.

"அத்த எடுத்துக்கினு போனீங்கன்னா எம்பொண்ணயே எடுத்துக்கினு போற மாதிரி, நர்சம்மா," என்றாள். கண் கலங்கவில்லை, அவள் கோபத்தில் இருந்தாள்.

இந்த நம்பிக்கையோடு வாதாடலாமா? டீக்கடைப் பக்கம் வெள்ளை உடைகள் தெரிந்தன. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பறவைக் காய்ச்சல் சந்தேகம் உள்ள இடத்திலிருந்து பறவையை வேறெங்கும் கொண்டுபோகக் கூடாது என்பதால், சேவலை இப்போதே கோயிலில் விட்டுவிடு என்றும் சொல்ல முடியாது. வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்த பெண்ணைப் பிரசவத்துக்கு முன்பு மாமியார் வீட்டுக்குத் திருப்பி அனுப்பு என்று சொன்னால், அத்தோடு கதவு சாத்தப்படும்.

"அஞ்சலை, உங்க வீட்டுல யாருக்காவது அம்மை போட்டா என்ன செய்வ?"

"என்னா நர்சம்மா, இப்பப் போயி அத்தக் கேக்கறீங்க. வாசல்ல வேப்பல சொருவுவேன். வெளியாளுங்கள உள்ள சேக்க மாட்டேன்."

"பாத்திரம்?"

"தனி."

"பாத்துக்கறது யாரு?"

"ஒரே ஆளுதான். மாத்தி மாத்திப் போவக் கூடாது. அந்த ஆளும் குளிச்சிட்டு, புடவ மாத்திக்கினுதான் அடுப்பாண்ட வரணும்."

"வாயும் வயிறுமா இருக்கற பொண்ணு?"

"அந்தப் பக்கமே வுட மாட்டோம். பின்தெருவ சுத்திக்கினு போவச் சொல்லு—"

நின்றுவிட்டாள். நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. பேச வேண்டிய இடத்தில் பேசுவது எல்லோருக்கும் பழகிவிடும். இந்த மாதிரி இடத்தில் வாயை மூடிக்கொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது.

"அப்போ கோழிக்கூட்ட அம்மை வூடு மாதிரி வச்சுக்கணும். அதானே?" என்றாள் அவளாகவே.

"அதேதாம்மா!" என்றது உள்ளேயிருந்து கௌசியின் குரல். "ஒரு வாரமா இந்தச் சேவ கூடக் குடும்பம் நடத்திக்கினு இருக்கறேன். என்னக் கட்டுனவரு கூட இவ்ளோ சத்தம் போட்டது இல்ல. முதல்ல அத்த வெளில எடு!"

ஏழுமலை தொண்டையைச் செருமிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

அஞ்சலை சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது. "சோதன பண்ணி அந்தக் காய்ச்சல்தான்னு வந்தா?"

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் அந்த நிமிடம் வேலை முடிந்துவிடும். பிறகு அந்தத் தெருவில் உங்களை யாரும் நம்ப மாட்டார்கள்.

"அப்படி வந்தா சேவலும் போயிடும், அஞ்சலை. தெருவுல இருக்கற எல்லாக் கோழியும் போயிடும். இல்லன்னு வந்தா உஞ்சேவல் கோயிலுக்குப் போவும். எது வரும்னு எனக்குத் தெரியாது. ஆனா கௌசிய இப்பவே பிரிச்சு வச்சா, எது வந்தாலும் அவளுக்கு ஆபத்து கொறச்சல்."

அஞ்சலை கதவை முழுதாகத் திறந்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது திருவிழாதான். டாக்டர் திரும்பி வந்தார். இந்த முறை உடையின் தலைப்பகுதியை மாட்டும் முன்பே தெருவில் நின்று முகத்தைக் காட்டி, தன் பெயரைச் சொல்லி, என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கினார். அஞ்சலை வீட்டுக் கதவு திறந்ததைப் பார்த்ததும் மற்ற கதவுகளும் திறந்தன. பீரோவிலிருந்து கோழி வந்தது. வாஷிங் மெஷினிலிருந்து ஒரு தாய்க்கோழி குஞ்சுகளோடு வந்தது. சொல்தா மெல்ல எழுந்து வீட்டுக்குப் போய், தன் பழைய பட்டாளத்து இரும்புப் பெட்டியைத் திறந்து இரண்டு வாத்துகளைக் காட்டினார்.

"மிலித்தேர் ரகசியம், மதாம்," என்றார்.

மாதிரி எடுத்தார்கள். வாடிய கோழியையும் செத்துக் கிடந்தவற்றையும் டாக்டரின் ஆட்களே உறையிட்டு எடுத்துப்போனார்கள். மிச்சத்துக்கு என்ன செய்வது என்று நான் சொல்லத் தொடங்கியதுமே ஏழுமலை பழைய வலைகளைக் கொண்டுவந்து போட்டார். சின்னக் கண்ணி வலை, காக்கை மூக்கைக்கூட நுழைக்க முடியாது. மேலே காக்கை எச்சம் விழாமல் தார்ப்பாய். அந்தத் தெரு ஆண்கள் வலை கட்டுகிற வேகம் உங்களுக்குத் தெரியும். வெயில் தாழ்வதற்குள் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் ஒரு கூண்டு எழும்பி, அதன் வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது.

வேப்பிலை கிருமியைக் கொல்லாது என்பதை மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். "அது வர்றவங்களுக்கு அறிவிப்பு. கொல்றது சோப்பு." கூண்டுப் பக்கம் ஒரே ஆள். அந்த ஆளுக்குத் தனிச் செருப்பு, தனித் துணி, முகக்கவசம். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் எல்லாம். செத்த பறவையைத் தொடக் கூடாது, எங்களைக் கூப்பிட வேண்டும். கடையில் வாங்கிய கறியாக இருந்தாலும் முட்டையாக இருந்தாலும் நன்றாக வேக வேண்டும், ஆஃபாயில் கிடையாது. பச்சைக் கறி நறுக்கிய கத்தியைக் கழுவாமல் வெங்காயத்தில் வைக்கக் கூடாது. கோழி இருந்த அறையைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பாமல், பிளீச்சிங் கரைசல் போட்டுத் துடைக்க வேண்டும். காய்ச்சல், இருமல், கண் சிவப்பு வந்தால் அன்றே சொல்ல வேண்டும், கோழியோடு இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கௌசியின் அறையைத் துடைத்து உலர்த்தும் வரை அவள் முகக்கவசத்தோடு எதிர்வீட்டு மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீழே எல்லோரையும் வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். கூண்டுப் பக்கம் போகும் ஒரே ஆள் அஞ்சலை என்பதால் சமையல் ஏழுமலைக்குப் போனது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் கைபேசி அடித்தது.

"நர்சம்மா, எனக்குத்தான் ஒடம்பு சுடுது. தொண்டையும் கரகரன்னு இருக்குது. மறைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. நான் காலையிலயே கொல்லப் பக்கம் வந்துட்டேன், கௌசியாண்ட போவல. கோழியத் தொட்டதயும் சொல்லணும்னீங்க. தொட்டேன்."

பயம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் மூன்று நாளுக்கு முன்பு ஒரு கதவுக்குப் பின்னால் கோழியை ஒளித்து வைத்தவள், இன்று தன் காய்ச்சலைத் தானே கூப்பிட்டுச் சொல்கிறாள். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை. அவளை அழைத்துப்போய்த் தொண்டையிலிருந்து சோதனைக்கு மாதிரி எடுத்தோம், தனி அறையில் வைத்து மருந்து கொடுத்தோம். கௌசியை நான் தினமும் இரண்டு வேளை பார்த்தேன். காய்ச்சல் எதுவும் இல்லை, புகார் ஒன்றே ஒன்றுதான்.

"எங்கப்பா வக்கிற ரசத்துல ஒரு படகே மெதக்கும் நர்சம்மா, அவ்ளோ உப்பு."

அஞ்சலையின் முடிவு முதலில் வந்தது: சாதாரணச் சளிக்காய்ச்சல். கோழிகளின் முடிவு வெளியூர் ஆய்வகத்திலிருந்து வர அடுத்த செவ்வாய் ஆனது. பறவைக் காய்ச்சல் இல்லை, கோழிகளுக்கு வழக்கமாக வரும் வெள்ளைக்கழிச்சல் நோய். டாக்டர் தெருவில் நின்று அதைப் படித்தபோது யாரோ விசில் அடித்தார்கள். சொல்தா எழுந்து நின்று வாத்துகளுக்கு ராணுவ வணக்கம் வைத்தார்.

இவ்வளவு அமர்க்களமும் வீண்தானே என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். அன்று வாசலில் நின்றபோது முடிவு யாருக்கும் தெரியாது. தெரியாத நேரத்தில் என்ன செய்தோம் என்பதுதான் நம் வேலை. காக்கைகள் மறுபடி விழுந்த காலத்தில் அந்தத் தெருவுக்கு நாங்கள் போகத் தேவையிருக்கவில்லை, வேன் கிளம்பும் முன்பே வலை கட்டி, வேப்பிலை சொருகி, எங்களுக்குப் போன் செய்துவிட்டார்கள்.

கௌசிக்கு மாசி மகத்துக்கு முதல் நாள் பிரசவ ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. நான் குறித்துக்கொடுத்த தேதிக்கு ஒரு நாள் தள்ளி. அந்தக் குழந்தை மேல் எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் அது.

தீட்டுக் கழிந்து, பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூப்பிட்டார்கள். ஏழுமலை கூடையைத் தூக்கி வந்தார். சேவல் நன்றாகக் கொழுத்து, காலில் புது மஞ்சள் துணியோடு இருந்தது. கௌசி குழந்தையோடு ஐந்தாறு அடி தள்ளி நின்றாள். அஞ்சலை அவளை அங்கேயே நிறுத்தியிருந்தாள். பூசாரி சேவலை இரண்டு கையாலும் வாங்கி, அம்மனுக்குக் காட்டி, பின்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அதே கையால் தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்துக்கொண்டு குழந்தையின் நெற்றியை நோக்கி வந்தார்.

அஞ்சலை குறுக்கே வந்து நின்றாள்.

"கொஞ்சம் நில்லுங்க சாமி. சேவப் புடிச்ச கையி."

"அம்மன் சேவம்மா அது. அதுக்கென்னா?"

"சேவ அம்மனுது. கை உங்களுது." மடியிலிருந்து ஒரு புதுச் சோப்பை எடுத்து நீட்டினாள். "கொழா அதோ இருக்குது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பூசாரி ஒரு கணம் என்னைப் பார்த்தார், நான் கோபுரத்தைப் பார்த்தேன். அவர் குழாயடிக்குப் போனார். நுரை பொங்கத் தேய்த்தார். கழுவி முடித்துத் திரும்பியபோது அஞ்சலை இங்கிருந்தே குரல் கொடுத்தாள்:

"கட்டவெரல வுட்டுட்டீங்க சாமி!"

அவர் திரும்பிப்போய்க் கட்டைவிரலையும் தேய்த்தார். பிறகு ஈரக் கையை அஞ்சலையிடம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார். அவள் தலையாட்டிய பிறகே குழந்தையின் நெற்றிக்குக் குங்குமம் வந்தது.